சாலிஸ் பவளத்தை எங்கே வைப்பது: மணலா, பாறையா, தனிக் கல்லா?

புதிதாக ஒரு சாலிஸ் பவளத் துண்டு கடல்நீர் மீன்தொட்டிக்கு வந்தவுடன் பெரும்பாலானவர்கள் யோசிப்பது வெளிச்சத்தை, அதற்கு அடுத்து தண்ணீரின் அளவுகளை. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். இப்போது யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதை எங்கே வைக்கப் போகிறீர்கள், அந்த இடத்தில் அதன் மேல் என்னவெல்லாம் வந்து விழும்? என் கையில் செத்துப்போன சாலிஸ்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால், தண்ணீரில் ஏதோ குறைந்து போனவை குறைவு. மேலே குப்பை படிந்தோ, ராத்திரியில் பக்கத்துப் பவளத்தோடு சண்டை வந்தோ, தாங்க முடியாத வெளிச்சம் அடித்தோ போனவைதான் அதிகம். மூன்றுக்கும் காரணம் நான் தேர்ந்தெடுத்த இடம்.

வைப்பதற்கு நடைமுறையில் ஐந்து இடங்கள் இருக்கின்றன. மணல் தரை, பாறையின் கீழ்ப்பகுதி, பாறையின் மேற்பகுதி, பக்கவாட்டுக் கண்ணாடியில் காந்தத்தால் ஒட்டும் ஃப்ராக் ரேக் (வெட்டிய பவளத் துண்டுகளை வைக்கும் தட்டு), அப்புறம் மணல் மேல் தனியாக வைக்கும் ஒரு சின்னக் கல். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் சாலிஸ் என்றால் தனிக் கல், அதுவும் சாய்வாக. அனுபவம் வந்தபிறகு பாறையின் கீழ்ப்பகுதி. மற்ற மூன்றும் குறிப்பிட்ட சூழ்நிலைக்கு மட்டும்.

இடத்துக்குப் போவதற்கு முன் கையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் சாலிஸ் என்பது ஒரே ஒரு பவளத்தின் பெயர் கிடையாது. எக்கினோஃபில்லியா, ஆக்சிபோரா, மைசீடியம், சில நேரம் எக்கினோபோரா என்று பல பேரினங்களை வியாபாரத்தில் இந்த ஒரே பெயரில் அழைக்கிறார்கள். எல்லாம் இந்திய, பசிபிக் பெருங்கடல் பகுதிகளின் பவளத் திட்டுகளில் வளர்பவை, எல்லாவற்றுக்கும் தட்டையாகப் படர்ந்து பிறகு விளிம்பு எழும்பும் சுபாவம் உண்டு, அவ்வளவுதான் பொதுவானது. எக்கினோஃபில்லியாவின் சதை தடிப்பானது, பாறையைத் தோல் மாதிரி மூடிக்கொண்டு வளரும். ஆக்சிபோராவின் எலும்புக்கூடு மெல்லிய தகடு, கை தவறினால் ஓரம் உடையும். மைசீடியத்தை அடையாளம் காண்பது சுலபம்: அதன் வாய்கள் எல்லாம் சின்னச் சின்ன மூக்கு மாதிரி புடைத்து, விளிம்புப் பக்கமாகவே திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். எக்கினோபோரா மற்றவற்றைவிட வேகமாக வளரும், வெளிச்சத்தையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். விற்கும்போது வைக்கிற கவர்ச்சியான பெயர்களை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம், வாயின் அமைப்பையும் தகட்டின் தடிமனையும் பாருங்கள்.

சரி, மணல் தரை. பலரும் முதலில் சொல்லும் யோசனை இதுதான், அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. தொட்டியிலேயே வெளிச்சம் குறைவாக விழும் இடம் அது. ஒட்ட வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் தூக்கி வேறு இடத்தில் வைக்கலாம். தட்டையாக இருப்பதால் போட்ட உணவு சறுக்கி ஓடாது, சுற்றிலும் காலி இடம் இருந்தால் பக்கத்தில் யாரையும் கொட்டவும் முடியாது. ஆனால் சாலிஸின் உருவத்தை நினைத்துப் பாருங்கள். சாலிஸ் என்றால் கிண்ணம். விளிம்பு மேலே எழும்பி நடுவில் பள்ளமாக இருக்கும் ஒரு கிண்ணத்தைத் தொட்டியின் அடியில் வைத்தால், மேலிருந்து விழும் அத்தனையும் அதில்தான் சேரும். மீன் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, மணல். கடலில் இவை பெரும்பாலும் சரிவுகளிலும் பாறைச் சுவர்களிலும் சாய்ந்து வளர்கின்றன, மேலே விழுவது தானாக உருண்டு போய்விடும். கொஞ்சம் மணல் விழுந்தால் பவளம் சதையை ஊதிப் பெருக்கி, வழுவழுப்பான சளியில் அதைச் சுற்றி ஓரத்துக்குத் தள்ளிவிடும், அந்தத் திறமை அதற்கு உண்டு. ஆனால் தினமும் அதையே செய்துகொண்டிருந்தால் வளர்வதற்கு அதனிடம் சக்தி மிஞ்சாது.

ஒருமுறை எனக்கு நடந்தது இது. உள்ளங்கை அளவு எக்கினோஃபில்லியா ஒன்றை மணலில் வைத்திருந்தேன், 4 மாதம் பிரமாதமாக இருந்தது. பிறகு மணலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளட்டும் என்று மணல் சலிக்கும் கோபி மீன் ஒன்றை விட்டேன். அது வாய் நிறைய மணலை அள்ளி, நீந்திக்கொண்டே செவுள் வழியாகத் தூவிவிட்டுப் போகும், பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு வாரத்தில் பவளத்தின் ஒரு பக்க விளிம்பில் பிறை வடிவில் வெள்ளை எலும்பு தெரிந்தது. நான் ஆல்கலினிட்டியை, அதாவது தண்ணீரின் காரத்தன்மையை, சோதித்தேன், விளக்கைக் குறைத்தேன், உப்பளவை இரண்டு கருவியில் பார்த்தேன். ஒரு நாள் சாயங்காலம் சும்மா அரை மணி நேரம் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் கோபி அந்தப் பக்கமாகவே திரும்பத் திரும்பப் போவது கண்ணில் பட்டது. அதற்குள் அந்த வெள்ளை எலும்பில் பச்சை நூல்பாசி பிடித்துவிட்டது. பாசி பிடித்த எலும்பின் மேல் சதை திரும்பப் படர்வது ரொம்பக் கஷ்டம், பாசி இழைகள் விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும், விளிம்பு இன்னும் பின்வாங்கும். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துத்தான் மிச்சத்தைக் காப்பாற்ற முடிந்தது.

அதனால் மணல் தரை என்பது மணலைக் கிளறும் மீனோ, இடித்துத் தள்ளும் பெரிய நத்தையோ, துறவி நண்டுக் கூட்டமோ இல்லாத தொட்டிக்கு. மாவு மாதிரி நைசான மணல் என்றால் அப்போதும் வேண்டாம், நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர் பம்ப்பின் திசையைக் கொஞ்சம் மாற்றினாலே அது பறந்து வந்து மேலே படியும்.

பாறையின் கீழ்ப்பகுதி இயற்கைக்கு மிக நெருக்கமான இடம். 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஒட்டினால் குப்பை தங்காது, பார் அளவு 50 முதல் 100 வரை கிடைக்கும் ஒரு மூலையைத் தேடுவதும் கடினம் இல்லை. பார் என்பது பவளத்துக்குள் வாழும் பாசி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவு. அளக்கும் கருவி இல்லை என்றால் இரவல் வாங்கியாவது ஒருமுறை அளந்து பாருங்கள், கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நீல வெளிச்சம் உண்மையில் எவ்வளவு பலமானது என்பது அப்போது புரியும். ஓடை போல நேராக அடிக்காமல், எங்கேயோ மோதித் திரும்பி வரும் மிதமான நீரோட்டம் வேண்டும். குப்பையை நகர்த்தும் அளவு போதும், சதை எலும்போடு அப்பிக்கொள்ளும் அளவுக்கு அடிக்கக்கூடாது.

பாறையில் வைப்பதன் சிக்கல்கள் இரண்டு. ஒன்று, அது நிரந்தரம். பாறை மேல் படர்ந்துவிட்டால் உடைக்காமல் எடுக்க முடியாது, அந்தப் பாறையையே தூக்க வேண்டியிருக்கும். இரண்டாவதுதான் பெரியது: அக்கம்பக்கம்.

பகலில் சாலிஸைப் பார்த்தால் தேமே என்று கிடக்கும் ஒரு வண்ணத் தட்டு. விளக்கெல்லாம் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து சிவப்பு டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பிலிருந்து கண்ணாடி நூல் மாதிரி ஸ்வீப்பர் இழைகள் நீண்டு நீரோட்டத்தில் அலைந்துகொண்டிருக்கும், சிலவற்றில் பல சென்டிமீட்டர் நீளம் வரும். நுனியில் கொட்டும் செல்கள். இது போதாது என்று, ஒட்டி வந்துவிட்ட பக்கத்துப் பவளத்தின் மேல் தன் வயிற்றுக்குள் இருக்கும் இழைகளையே வெளியே தள்ளி அதைச் செரித்துவிடவும் இவற்றால் முடியும். காலையில் பக்கத்து வீட்டுக்காரன் பாதி வெள்ளையாகக் கிடப்பான், என்ன நடந்தது என்றே உங்களுக்குத் தெரியாது. எதிர்த்தரப்பு டார்ச் பவளம் மாதிரி நீண்ட இழை உள்ளதாக இருந்தால் அடி வாங்குவது சாலிஸாகவும் இருக்கலாம்.

குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொல்வார்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன், ஆனால் அந்தக் கணக்கை இன்றைய அளவிலிருந்து போடாதீர்கள். 3 சென்டிமீட்டர் துண்டு இரண்டு வருடத்தில் தட்டு அளவு ஆகலாம். இன்னொன்று, இடைவெளியை வட்டமாக நினைக்கக்கூடாது. இழைகள் நீரோட்டம் போகும் திசையில்தான் நீளும், அதனால் ஓட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் பவளத்துக்குத்தான் ஆபத்து அதிகம், மேல்பக்கம் கொஞ்சம் நெருக்கமாக வைத்தாலும் தப்பிக்கும். சாலிஸுக்குப் பக்கத்தில் இன்னொரு சாலிஸ் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்பார்கள். சில ஜோடிகள் தொட்டுக்கொண்டு நிம்மதியாக வளர்வதைப் பார்த்திருக்கிறேன், சில ஒரே ராத்திரியில் ஒன்றை ஒன்று உரித்துவிட்டன. பேரினம் வேறு என்றால் நான் அந்தப் பரிசோதனைக்கே போவதில்லை.

தனிக் கல்லை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் மேலே சொன்ன இரண்டு இடங்களின் நல்லதும் அதில் சேர்ந்து வருவதுதான். ஒரு கைப்பிடி அளவுக் கல், மணலுக்கு மேல் 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரம் தெரிகிற மாதிரி. அந்த உயரத்திலேயே மணல் தூவல் முக்கால்வாசி குறைந்துவிடும். கல்லின் சாய்ந்த முகத்தில் பவளத்தை ஒட்டினால் குப்பை நிற்காது. வெளிச்சம் அதிகம் என்று தோன்றினால் கல்லோடு நிழலுக்கு நகர்த்தலாம், குறைவு என்றால் கொஞ்சம் முன்னால் இழுக்கலாம். பவளம் படர்ந்து கல்லை மூடினாலும் கவலை இல்லை, மணலை அதனால் தாண்ட முடியாது, பாறை மேல் இருக்கும் மற்றவர்கள் பத்திரம். நோய் வந்தால் கல்லோடு தூக்கி மருந்து நீரில் முக்கலாம். இந்தக் கடைசிச் சௌகரியம் எவ்வளவு பெரியது என்பது பாறையில் நிரந்தரமாக ஒட்டிய பவளத்தில் நோயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. கல் தரையில் இடத்தை அடைக்கும், சின்னத் தொட்டியில் இப்படி இரண்டு கல்லுக்கு மேல் வைத்தால் மீன்களுக்கு நடமாட இடம் இருக்காது. அப்புறம், கல்லை மணல் மேல் வைக்காமல் மணலை விலக்கி, கண்ணாடி அடித்தளத்தில் மெதுவாக உட்கார வைத்துவிட்டு மணலைச் சுற்றி அணைக்க வேண்டும். இல்லையென்றால் பிஸ்டல் இறாலோ கோபியோ அடியில் குழி தோண்டும், ஒரு நாள் கல் கவிழ்ந்து பவளம் மணலுக்குள் முகம் குப்புறக் கிடக்கும்.

ஃப்ராக் ரேக்கைத் தங்கும் விடுதி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கண் உள்ள சின்னத் துண்டு வாங்கினால் முதல் சில வாரங்கள் அங்கே வைப்பது நல்லது, கண்ணுக்கு நேராக இருக்கும், தட்டைப்புழுவோ நத்தை முட்டையோ இருந்தால் தெரிந்துவிடும். கண் என்று இங்கே எல்லோரும் சொல்வது வாயைத்தான், சுற்றியுள்ள சதையிலிருந்து வேறு நிறத்தில் மின்னுவதால் அந்தப் பெயர். ஆனால் ரேக் வழக்கமாகத் தொட்டியின் நடு உயரத்துக்கு மேலே இருக்கும், அங்கே வெளிச்சம் அதிகம். ரேக்கை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ இறக்குங்கள், அல்லது துண்டைப் பாறை நிழல் விழும் ஓரத்தில் வையுங்கள்.

பாறையின் மேற்பகுதியைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. வேகமாக வளரும் எக்கினோபோராவைப் பல வாரம் பழக்கிக் கொஞ்சம் மேலே ஏற்றலாம். மற்ற சாலிஸ்களுக்கு அது இடம் இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், வெளிச்சம் அதிகமாகி வெளுப்பது சாலிஸில் பெரும்பாலும் தவறாகப் படிக்கப்படுகிறது. சதைக்குள் வாழும் பாசி வெளியேற ஆரம்பிக்கும்போது பழுப்பு குறைந்து, ஒளிரும் நிறமிகள் மட்டும் முன்னால் தெரியும். நீல விளக்கில் பார்த்தால் பவளம் முன்பைவிட அழகாக, பளபளவென்று இருக்கிற மாதிரி ஒரு பிரமை. "நல்லா கலர் வந்திருக்கு" என்று சந்தோஷப்பட்டு இரண்டு வாரத்தில் வெள்ளை எலும்பைப் பார்த்தவர்கள் நிறைய. வாரம் ஒருமுறை வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள், அதில் வெளிறித் தெரிந்தால் உடனே நிழலுக்கு இறக்குங்கள். மாறாக, வெளிச்சம் குறைவாக இருந்தால் மெல்ல மெல்லப் பழுப்பேறும், அவ்வளவுதான், அதிலிருந்து திரும்ப வர நேரம் கிடைக்கும். இரண்டு தவறில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் குறைந்த வெளிச்சத்தின் பக்கமே தவறுங்கள். 50 பாரில் ஆரம்பித்து 3, 4 வாரத்தில் மெதுவாக ஏற்றினால் எந்த சாலிஸும் உங்களைத் தண்டிக்காது.

உணவு விஷயத்தில் இடங்களின் வரிசை அப்படியே தலைகீழாகும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தட்டையான மணல் தரையில் ஊட்டுவது சுலபம், சாய்வான கல்லில் பாதி சறுக்கி விழும். வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, விளக்கு அணைந்து சின்ன உணர்கொம்புகள் வெளியே வந்தபிறகு, பம்ப்பை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். இவற்றின் வாய் சின்னது, முழு மைசிஸ் இறாலைப் போட்டுத் திணறவிடுவதைவிட நறுக்கிப் போடுவது நல்லது, பவளத்துக்கான பொடி உணவைத் தண்ணீரில் குழைத்து விட்டாலும் சாய்ந்த பரப்பில் ஒட்டி நிற்கும். சுத்தம் செய்யும் இறால்கள் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகும், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, ஊட்டும் இருபது நிமிடமும் பவளத்தின் மேல் கவிழ்த்து வைத்தால் போதும். ஊட்டாமலும் சாலிஸ் வாழும், ஆனால் குறைந்த வெளிச்சத்தில் வைக்கச் சொல்லிவிட்டு உணவும் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

தண்ணீரைப் பொறுத்தவரை சுருக்கமாக: வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், உப்பளவு ஆயிரத்துக்கு 35, ஆல்கலினிட்டி 8 முதல் 9 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), மெக்னீசியம் 1,300க்கு அருகில், நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. எண்ணைவிட அது அசையாமல் இருப்பது முக்கியம், குறிப்பாக ஆல்கலினிட்டி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாகப் பூஜ்யம் என்று பெருமைப்படும் தொட்டியில் சாலிஸ் வெளிறித்தான் கிடக்கும். தொட்டி ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் இந்தக் கட்டுரையை வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

வாங்கும்போது பெரிய காலனியா, சின்னத் துண்டா என்பது இடத்தோடு ஒட்டிய கேள்விதான். பெரிய காலனி ஏற்கனவே ஒரு கோணத்தில் வளர்ந்து முடித்திருக்கும், கிண்ணமாக வளர்ந்ததை நீங்கள் சாய்த்து வைத்தாலும் பள்ளம் பள்ளம்தான். சின்னத் துண்டு நீங்கள் வைக்கும் கோணத்துக்கு ஏற்ப வளரும். அதனால் என் ஓட்டு 3, 4 கண் உள்ள, தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய துண்டுக்கு. கல் பவளங்கள் எல்லாமே, காட்டுயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, கடலிலிருந்து எடுத்ததைவிட வளர்த்ததை வாங்குவது மனதுக்கும் நிம்மதி. வெட்டிய ஓரம் வெள்ளையாகத் தெரிந்தால் ஆறும்வரை காத்திருந்து வாங்குங்கள், சதை ஓரத்தைச் சுற்றி மடிந்து மூடியிருக்க வேண்டும்.

வைத்தபிறகு விளிம்பு பின்வாங்க ஆரம்பித்தால் முதல் வேலையாக மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள். பகலில் அரை மணி, ராத்திரியில் டார்ச்சோடு அரை மணி, சும்மா உட்கார்ந்து பாருங்கள். குப்பை படிகிறதா, ஏதாவது இழை எட்டித் தொடுகிறதா, குள்ள ஏஞ்சல் மீன் கொத்துகிறதா. அதற்கு அப்புறம் ஆல்கலினிட்டி. பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி ஒன்று சதை மேல் தெரிந்தால் மட்டும் காத்திருக்கக்கூடாது, அதைக் குழாயால் உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டு, கெட்ட பகுதியை அதை ஒட்டிய கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்தே வெட்டி, மிச்சத்தை அயோடின் கலந்த தொட்டி நீரில் முக்க வேண்டும். தனிக் கல்லில் இருந்தால் இதெல்லாம் பத்து நிமிட வேலை.

ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ ஜெல் போதும், கல் கரடுமுரடாக இருந்தால் அடியில் எபாக்ஸி உருண்டை ஒன்று. ஆனால் முதல் நாளே ஒட்ட வேண்டாம். துண்டைக் கல்லின் சாய்வில் சும்மா சாய்த்து வைத்து இரண்டு வாரம் விடுங்கள், தினமும் காலையில் அதன் நடுவில் ஏதாவது படிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். படிந்திருந்தால் கோணத்தை இன்னும் கொஞ்சம் சாயுங்கள். தொடர்ந்து ஒரு வாரம் சுத்தமாக இருந்தால் அந்தக் கோணத்திலேயே ஒட்டிவிடுங்கள்.